கைத்தொலைபேசியின் துயிலும் மின்கலத்தின் ஆயுளும்

காலையில் நிறைந்த மின்னூட்டத்துடன் எடுத்துச்செல்லப்படும் கைத்தொலைபேசி மாலைக்குள் அணைந்துவிடுமாயின், பழி முதலில் மின்கலத்தின்மீதே சுமத்தப்படுகின்றது. உடையவர் அதனைத் திருத்தகத்துக்குக் கொண்டுசென்று புதிய மின்கலம் இடுவிக்கின்றார்; சில நாள் கழிந்ததும் குறை முன்போலவே தோன்றக்கண்டு கருவியையே ஒதுக்கிவிடுகின்றார். வேறு சிலர், பெரும்பாலும் மாணாக்கர், கருவியின் நிலைப்பொருளை மாற்றினால் எல்லாம் நேராகுமெனக் கேள்வியுற்று அதனை மாற்றுகின்றனர். மாற்றியபின் முன்னையிலும் விரைவாக வற்றக்கண்டு திகைக்கின்றனர். இவ்விரு சாராரும் காரணம் ஆராயாது மருந்துண்டவரே. மின்னூட்டம் வற்றுதற்குரிய காரணங்கள் இருவேறு இனத்தன. அவற்றைப் பிரித்தறியும் முறை எளியது, செலவற்றது. மூன்று இரவு பொறுத்திருத்தலே அதற்கு வேண்டுவது. அம்முறையை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் மயக்கம் 'ஆயுள்' என்னும் சொல்லிலேயே தொடங்குகின்றது. ஒருமுறை ஏற்றிய மின்னூட்டம் எத்தனை மணிநேரம் தாங்கும் என்பது ஒன்று. மின்கலம் எத்தனை ஆண்டு பயன்படும் என்பது மற்றொன்று. முன்னதை நீடிப்பு எனவும் பின்னதை வாழ்நாள் எனவும் ஈண்டு வழங்குவோம். நீடிப்பு பெரும்பாலும் மென்பொருளின் ஒழுக்கத்தைப் பொறுத்தது. வாழ்நாள் இரசாயனத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது.

மின்கலத்தைச் சிக்கனமாகக் கையாளுதல் குடாநாட்டார்க்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான மின்வழங்கல் அற்றுப்போயிற்று. எரிபொருளோடு உலர்மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தது. துவிச்சக்கரவண்டியின் சக்கரத்தை ஒருவர் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னால் வீட்டார் அனைவரும் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. தீர்ந்த மின்கலத்தை எறிந்தவர் அரியர். அதனை வெயிலிற் காயவைத்தனர். துளையிட்டு உப்புநீர் விட்டனர். வானொலி மேலும் சிறிது நேரம் பேசிற்று. இவை வெறுங் கைமருந்துகளல்ல. இவற்றுக்கு அறிவியற் காரணம் உண்டு. உலர்மின்கலத்தின் புறக்கூடு நாகம், நடுவிலுள்ளது காபன்கோல், அதனைச் சூழ்ந்திருப்பது மங்கனீசீரொட்சைட்டு, இடையே அமோனியங்குளோரைட்டுப் பசை. பசை உலர்ந்து, விளைபொருள்கள் கோலைச் சூழ்ந்து நெருக்கும்போது, வேதிப்பொருள் எஞ்சியிருந்தும் ஓட்டம் நின்றுவிடும். இளஞ்சூடு எதிர்த்தாக்கத்தை விரைவாக்கும்; உப்புநீர் வறண்ட வழியைத் திறக்கும். எனவே அன்று நிகழ்ந்தது மின்னேற்றமன்று; அடைபட்டுக் கிடந்த மிச்சத்தை வெளிக்கொணர்தலேயாம்.

அக்காலத்திலேயே, 1991 இல், யப்பானில் சொனி நிறுவனம் இலிதியம் அயன் மின்கலத்தை முதன்முதல் விற்பனைக்கு விடுத்தது. அதே ஆண்டிற் பின்லாந்து மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். இன்றைய அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிக்கு உயிரும் மூளையும் இவையிரண்டுமே. குடாநாட்டு மாணாக்கர் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் இவ்விரண்டும் பிறந்தன என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகின்றது.

இலிதியம் அயன் மின்கலத்தில் ஒருபுறம் காரீயம். அது நம் நாட்டுப் போகலச் சுரங்கத்திலும் எடுக்கப்படும் பொருளே. மறுபுறம் கோபால்ற்று முதலிய உலோகங்களின் ஒட்சைட்டு. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் காரீயத் தட்டுகளின் இடையே சென்று தங்கும். மின் செலவாகும்போது மீளும். உலர்மின்கலத்தில் நாகம் கரைந்தழிவதுபோல இங்கு எதுவும் அழிந்துபோவதில்லை, குடிபெயர்தலே நிகழ்கின்றது. ஆதலால் நூற்றுக்கணக்கான முறை இதனை மீள ஏற்றலாம். இம்மின்கலத்தை ஆக்கியமைக்காக ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். பழைய கைமருந்துகள் இதற்குப் பொருந்தா. அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

இனி நிலைப்பொருள் யாதெனப் பார்ப்போம். கருவியைத் தொடக்கி, அதன் உறுப்புகளை ஆளும் அடிப்படை மென்பொருளே நிலைப்பொருள். அன்ட்ரொயிட்டின் மூலநிரல் பெரும்பாலும் எவர்க்கும் திறந்துள்ளது. 2008 இல் முதல் அன்ட்ரொயிட் கருவி வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே ஸ்ரீவ் கொண்டிக் என்பவர் சயனோஜென்மொட் என்னும் மாற்று நிலைப்பொருளை வெளியிடத் தொடங்கினார். அது 2016 மார்கழியில் நின்றது; அதன் வழித்தோன்றலாக லீனியேஜ் ஓ.எஸ். உடனே எழுந்து இன்றும் நடைபெறுகின்றது. கடைத்தெருவில் இத்தகையனவற்றைக் 'கஸ்டம் றொம்' என்பர். சொல்லின் ஒலி கஷ்டத்தை நினைவூட்டுவது தற்செயலே. எனினும் முதன்முறை முயல்வோர் அதனை மிகப் பொருத்தமென்றே கருதுவர்.

இம்முயற்சி ஏன் வேண்டப்படுகின்றது? கருவியை ஆக்கியோர் சில ஆண்டுகளில் அதற்குப் புதுப்பிப்பு வழங்குவதை நிறுத்திவிடுகின்றனர். உறுப்புகள் நன்றாயிருந்தும் மென்பொருள் முதுமையடைகின்றது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது கிடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இதனைச் சட்டத்தால் எதிர்கொண்டது. 2025 ஆனி 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் கைத்தொலைபேசிகளின் மின்கலம் 800 முறை ஏற்றியிறக்கிய பின்னும் தொடக்கக் கொள்ளளவில் 80 வீதத்தையேனும் கொண்டிருத்தல் வேண்டும். நம் நாட்டில் அத்தகைய சட்டத்தின் இடத்தைத் தேவையே நிரப்புகின்றது. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியது. பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும் வந்தது. புதுக்கருவி எட்டாக் கனியாகிய அந்நாளில், இழுப்பறையிற் கிடந்த பழைய கருவி பிள்ளையின் படிப்புக்கு மீண்டும் உழைக்க வேண்டியதாயிற்று.

மாற்றும்போது நேரும் இடர்களைச் சுருக்கமாகவே கூறுவோம். அவற்றுட் பல அவசரத்தின் விளைவு. ஒரே வணிகப்பெயரில் வெவ்வேறு உள்ளமைப்புடைய கருவிகள் விற்கப்படுதலால், பெயரை நோக்காது மாதிரி எண்ணை நோக்குதல் வேண்டும். தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட வேண்டும். பூட்லோடர் என்னும் தொடக்கநிரலின் பூட்டைத் திறக்கும்போது உள்ளிருக்கும் படங்களும் எழுத்துகளும் அழிந்துபோகும். முன்னரே படியெடாதவர் பின்னர் வருந்திப் பயனில்லை. வலையமைப்புக்குக் கருவியை அடையாளங்காட்டும் 15 இலக்க எண் பதிந்துள்ள பகுதியையும் இயலுமாயின் படியெடுத்துவைத்தல் நன்று. அது கெட்டாற் கருவி கோபுரத்தோடு பேசாது. கூகிள் செயலிகள் வேண்டுவோர் முதற் தொடக்கத்துக்கு முன்னரே அவற்றை நிறுவுதல் வேண்டும். பின்னர் நிறுவினால் செயலிகள் இடையறாது முறிந்துவிழும்.

நிறுவிய பின் கருவி முத்திரையைக் காட்டியபடி நிற்குமாயின் உடனே அஞ்சவேண்டியதில்லை. முதற் தொடக்கத்துக்குக் கருவியைப் பொறுத்து 15 நிமிடம் வரை செல்லலாம். அதற்கு மேலும் முத்திரையே மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், பழைய இயங்குதளத்தின் தரவுகள் புதியதனுள் எஞ்சிக் கிடத்தலே பெரும்பாலும் காரணம். மீட்புச் சூழலுட் புகுந்து தரவுப் பகுதியை முற்றாகத் துடைத்து மீள நிறுவினால் இது தீரும். அதன் பின்னும் தீராதாயின், புது நிலைப்பொருள் எதிர்பார்க்கும் ஆக்கியோரின் அடிநிரற் பதிப்பு கருவியில் உள்ளதா என ஆராய்தல் வேண்டும். வங்கிச் செயலிகள் சில, பூட்டுத் திறந்த கருவியில் இயங்க மறுக்கும் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் நலம். வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர் இதில் இறங்குதல் தகாது என்பதே எம் கருத்து.

கருவி எழுந்துவிட்டது, ஆனால் மின்னூட்டம் நிற்கவில்லை. இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகின்றது. சைவசித்தாந்த நூல்கள் ஆன்மாவுக்குச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகளைக் கூறும். அவற்றுள் முதல் மூன்றும் நமக்கு இவ்விடத்தில் உதவும். திரை ஒளிர நாம் கருவியைக் கையாளும் நிலை சாக்கிரம். அப்போது ஓட்டம் சில நூறு மில்லியம்பியர் வரை செல்லும். திரை அணைந்து, செயலியகமும் உறங்கி, வலையமைப்பின் அழைப்புக்கு மட்டும் செவிகொடுத்திருக்கும் நிலை சுழுத்தி. அப்போது செலவாவது மிகச் சிறிது. இவ்விரண்டுக்கும் இடையில், திரை இருண்டிருந்தும் உள்ளே ஏதோவொன்று இயங்கிக்கொண்டிருக்கும் நிலை ஒன்றுண்டு. அது சொப்பனம். கண்ணுக்குத் தெரியாமையால் அதனை எவரும் ஐயுறுவதில்லை. மின்னூட்டத்தை உண்பது பெரும்பாலும் அதுவே. (பொறிக்கு ஆன்மா இன்மையின் துரியம் வரை இவ்வுவமையை இழுத்துச்செல்லல் பொருந்தாது.)

சொப்பனத்தை உண்டாக்குவது யாது? லினக்ஸ் கருவை உறங்கவிடாது பிடித்துவைக்கும் உரிமை செயலிகளுக்கு அளிக்கப்பட்டுள்ளது. இதனை 'வேக்லொக்' என்பர். விழிப்புத்தாழ் என நாம் வழங்கலாம். இசை கேட்கும்போது திரை அணைந்தும் பாட்டு நில்லாமைக்குக் காரணம் இத்தாழே. வேலை முடிந்ததும் அதனை நீக்கவேண்டியது செயலியின் கடமை. நீக்க மறக்கும் செயலி ஒன்றிருந்தாலும் கருவி இரவு முழுவதும் விழித்திருக்கும். இதனைக் கட்டுப்படுத்தவே 2015 இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 6 ஆம் பதிப்பில் 'டோஸ்' என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அசைவின்றிக் கிடக்கும் கருவியில் செயலிகளின் வேலைகளைத் தள்ளிவைத்து, இடையிடையே குறுகிய பொழுதில் ஒருங்கே செய்விப்பது அது.

இனி இரவுச் சோதனை. 4000 மில்லியம்பியர்மணிக் கொள்ளளவுள்ள கருவியொன்றை இரவு 10 மணிக்கு வைத்துக் காலை 6 மணிக்கு எடுப்பதாகக் கொள்வோம். 4 வீதம் குறைந்திருப்பின், செலவு 160 மில்லியம்பியர்மணி. அதனை 8 ஆல் வகுக்க, சராசரி ஓட்டம் 20 மில்லியம்பியர். இது நல்ல துயில். 24 வீதம் குறைந்திருப்பின், செலவு 960. சராசரி ஓட்டம் 120 மில்லியம்பியர். முன்னைய வேகத்தில் அக்கருவி தொடாமல் வைத்தால் 200 மணிநேரம் கிடக்கும். பின்னைய வேகத்தில் 33 மணிநேரம்கூடத் தேறுவது அரிது. மின்கலம் ஒன்றே, வேறுபட்டது துயிலே.

இச்சோதனையை மூன்று இரவு, ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே அளவு மின்னூட்டத்துடன் செய்தல் வேண்டும். முதலிரவு கருவி வழக்கம்போல இருக்கட்டும். இரண்டாமிரவு விமானநிலையில் இடுக. மூன்றாமிரவு விமானநிலையை நீக்கி, நாம் நிறுவிய செயலிகள் இயங்காத பாதுகாப்பு நிலையிற் தொடக்கிவைக்குக. இரண்டாமிரவில் மட்டும் செலவு வீழ்ந்ததாயின், குற்றம் அலைவாங்கியிலோ அதன்வழி வரும் போக்குவரத்திலோ உள்ளது. மூன்றாமிரவிலும் வீழ்ந்ததாயின், நாம் நிறுவிய செயலிகளுள் ஒன்றே கள்வன். அண்மையில் நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல் வேண்டும். மூன்று இரவும் ஒரேபோல மிகுந்திருப்பின், நிலைப்பொருளே கருவியை உறங்கவிடவில்லை. அவ்வாறாயின் வேறு பதிப்பை நாடுதலன்றிச் செயலிகளைக் குற்றங்கூறிப் பயனில்லை. நிலைப்பொருளை மாற்றிய முதலிரண்டு நாளும் இச்சோதனை செல்லாது என்பதை மறத்தலாகாது. அப்போது கருவி செயலிகளை மீளத் தொகுத்தும் படங்களை வரிசைப்படுத்தியும் ஓய்வின்றி உழைக்கும். அச்செலவு தானே அடங்கும்.

அலைவாங்கி பற்றி ஒன்று கூறவேண்டும். கோபுரம் தொலைவிலாகுந்தோறும் கருவி உரத்த குரலிற் பேசவேண்டியதாகின்றது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்வோர், தொலைபேசியைத் தொடாதிருந்தும் மின்னூட்டம் இறங்கக் காண்பதில் வியப்பில்லை. கரை சேரும்வரை விமானநிலையில் வைத்தலே தக்கது. மாற்று நிலைப்பொருளில் அலைவாங்கிக்குரிய நிரல் சரியாகப் பொருந்தாதபோது, கோபுரத்தின் அருகிலிருந்தும் கருவி படகில் இருப்பதுபோலவே தேடிக்கொண்டிருக்கும். நான்காந் தலைமுறை வலையமைப்பின்மேற் குரலை அனுப்பும் வசதி சில பதிப்புகளில் இயங்காமல், மீண்டும் மீண்டும் பதிவுசெய்ய முயன்று தோற்பதும் இவ்வகையதே.

கூகிள் சேவைகளை முற்றாக நீக்கினால் மின்னூட்டம் மிகும் என்பது மாணாக்கரிடையே பரவிய நம்பிக்கை. சிலருக்கு அவ்வாறே நிகழ்கின்றது; சிலருக்கு நேர்மாறாக நிகழ்கின்றது. செய்திச் செயலிகள் பலவும் கூகிளின் ஒரே இணைப்புவழித் தம் செய்திகளைப் பெறுகின்றன. ஒருவர் விழித்திருக்க மற்றையோர் உறங்கலாம். அவ்விணைப்பை நீக்கியதும் அத்தகைய செயலி ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக்காவல் இருக்கத் தொடங்குகின்றது. தனியுரிமை கருதி நீக்குதல் வேறு. சிக்கனம் கருதி நீக்குவோர் முதலில் இரவுச் சோதனையைச் செய்துபார்த்தல் வேண்டும்.

இதனினும் ஆதாரமற்றது, கருவியினுள் உள்ள மின்கலப் புள்ளிவிபரக் கோப்பை அழித்தால் மின்கலம் புதுப்பிக்கப்படும் என்பது. இதற்கெனவே செயலிகளும் ஆக்கப்பட்டன. அன்ட்ரொயிட்டை ஆக்கிய பொறியியலாளருள் ஒருவரான டயான் ஹக்போர்ன் 2012 இல் இதனைத் தெளிவாக மறுத்தார்: எந்தச் செயலி எவ்வளவு செலவிட்டது என்று திரையிற் காட்டுதற்கே அக்கோப்புப் பயன்படுகின்றது, மின்கலத்தின் அளவோடோ நீடிப்போடோ அதற்குத் தொடர்பில்லை. கணக்கேட்டைக் கிழித்தாற் கடன் தீராது. பின்னணிச் செயலிகளை ஓயாது மூடிக்கொண்டிருத்தலும் அத்தகையதே. மூடப்பட்டவை மீண்டும் முதலிலிருந்து எழும்போது கூடுதலாகவே உண்ணும்.

நீடிப்புக் குறைவுக்கு மின்கலமே காரணமாதலும் உண்டு. அதற்குரிய குறிகள் வேறு. துயிலிழந்த கருவியில் மின்னூட்டம் சரிவான பாதையில் ஒரேசீராக இறங்கும். முதுமையடைந்த மின்கலத்திலோ அது படியிற் தடுக்கி வீழ்வதுபோல வீழும்: 30 வீதம் காட்டிக்கொண்டிருந்த கருவி படமெடுக்கத் தொடங்கியதும் சட்டென அணையும், மின்னேற்றியைத் தொடுத்ததும் மீண்டும் 20, 25 எனக் காட்டும். முதிர்ந்த மின்கலத்தின் உட்தடை மிகுதலால், பெரிய ஓட்டம் வேண்டப்படும்போது அதன் அழுத்தம் கருவி தாங்கும் எல்லைக்குக் கீழே சரிந்துவிடுவதே இதற்குக் காரணம். இக்குறி கண்டோர் எந்த நிலைப்பொருளை இட்டும் பயன்பெறார். மின்கலத்தையே மாற்றுதல் வேண்டும்.

வாழ்நாளைக் குறைப்பனவற்றுள் முதன்மையானது வெப்பம். சூழல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற்படின் மின்கலத்தின் கொள்ளளவு நிலையாகக் குறையக்கூடுமென ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு எச்சரித்துள்ளது. ஏனைய இலிதியம் அயன் மின்கலங்களின் அடிப்படை இரசாயனமும் பெரிதும் ஒத்ததே. சித்திரை வைகாசியில் நம் முற்றத்து நிழலே அவ்வெல்லையை நெருங்கும். தகரக் கூரையின்கீழும் பூட்டிய வாகனத்தினுள்ளும் அதனைக் கடக்கும். நிறைந்த மின்னூட்டமும் மிகுந்த வெப்பமும் ஒருங்கே சேர்தல் மிகக் கொடிது. எனவே இரவு முழுவதும் தலையணையின்கீழ் மின்னேற்றி வைத்தல் வாழ்நாளுக்குக் கேடு. 80 வீதத்தில் நிறுத்துதல் நன்று, லீனியேஜ் ஓ.எஸ். இன் அண்மைப் பதிப்புகளில், சில கருவிகளுக்கு, குறித்த அளவில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் வசதியும் உண்டு. மாதமொருமுறை முற்றாக வற்றவிடல் வேண்டும் என்பது நிக்கல் கட்மியம் மின்கலக் காலத்து அறிவுரை. அது இலிதியத்துக்குப் பொருந்தாது, தீங்கும் செய்யும்.

பழைய கைமருந்துகள் பொருந்தாமைக்குக் காரணம் கூறுவதாகச் சொன்னோம். இலிதியம் மின்கலத்தினுள் இரு மின்வாய்த் தகடுகளையும் பிரித்துவைப்பது மெல்லிய துளைத்தாள் ஒன்றே. இடையிலுள்ள திரவம் நீரன்று, எளிதிற் தீப்பற்றும் சேதனக் கரைப்பான். உலர்மின்கலத்துக்கு ஆணியால் துளையிட்டதுபோல இதற்கு இட்டால், தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, உள்ளிருக்கும் சக்தி முழுவதும் நொடிப்பொழுதில் வெப்பமாகும்; கரைப்பான் ஆவியாகி எரியும். வெயிலிற் காயவைத்தலோ முதுமையை விரைவுபடுத்துவதன்றி வேறு பயன் தராது. கருவியின் பின்மூடி மேலெழுந்தோ திரையின் விளிம்பு விலகியோ காணப்படின், உள்ளே மின்கலம் வாயு நிறைந்து வீங்கியுள்ளது என்பது பொருள். உடனே அணைத்து, மின்னேற்றாது, அழுத்தாது, குத்தாது, எரியும் பொருள்களுக்கு அப்பால் வைத்துத் திருத்துநரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். குப்பையோடு சேர்த்து எரித்தலும் கிணற்றடியிற் புதைத்தலும் ஆகா. குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கற்பாறையினூடு ஊறிவருவது. மேலே இட்ட நஞ்சு கீழே இறங்குதற்கு அங்கு தடையில்லை.